சீர்வரிசையில் போன பெட்டி

என் கணவர் கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டால், எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் ராக்கைத் தொடப்போகிறார். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. பக்கத்தில் போகிற மற்றவர்களுக்கும் இதே சட்டம்தான். கச்சேரிக்குத் தபலா வாசிக்க வருகிற ஒருவர் கையில் வெள்ளிக் காப்பு போட்டிருப்பார். சோப்புப் போட்டுத் தேய்த்தால்தான் அது கழலும். பெட்டி தூக்க அவரைக் கூப்பிடுவதையே இவர் நிறுத்திவிட்டார். அந்த மனிதர் அதைத் தனக்குத் தரும் பெரிய மரியாதை என்று எடுத்துக்கொண்டு இன்றுவரை சந்தோஷமாக இருக்கிறார்.

ராக் என்பது வேறொன்றுமில்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி. உள்ளே இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம். ஆம்ப்ளிஃபையர், எக்கோ மிஷின், சத்தத்தைப் பிரித்துச் சீர்படுத்துகிற கருவிகள் எல்லாம் அந்தச் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். திருவண்ணாமலையைச் சுற்றிக் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே பாட்டுக் கச்சேரி நடந்தாலும் அநேகமாக சவுண்ட் எங்களுடையதாக இருக்கும். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் ஜாக்கெட் தைக்கிறேன். நடு அறையில் ராக் இருக்கிறது. பின்னறையில் நாங்கள் இருக்கிறோம். ஃபேன் நன்றாகச் சுற்றுவது எந்த அறையில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கருவிகளின் முகப்பு கறுப்பாக, மழமழவென்று இருக்கும். அதில் ஒரு கீறல் விழுந்தால் இவருக்குத் தூக்கம் வராது. ஸ்க்ரூவை முடுக்கும்போது அதன் தலை முகப்பைக் கடித்துத் தடம் போடும் என்று ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அடியில் பிளாஸ்டிக் வாஷர் வைத்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போனுக்கு ஸ்க்ரீன் கார்டு ஒட்டும் கடைக்கு அந்தக் கருவிகளையே கழற்றி எடுத்துக்கொண்டு போய், குமிழ்களைச் சுற்றி வெட்டி ஒட்டச் சொன்னார். இவ்வளவு பெரிய போனை நான் பார்த்ததே இல்லை சார் என்று கடைக்காரர் சொன்னதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். கடைக்காரர் கிண்டல் செய்திருக்கிறார் என்று நான் எடுத்துச் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிற மனிதரை எதற்குக் கெடுப்பானேன்.

இதில் நான் மட்டும் சும்மா இருந்தேன் என்றில்லை. இரும்புச் சட்டத்தின் ஓரத்தில் இவர் வெல்வெட் துண்டுகளை ஒட்டியிருந்தார். வெல்வெட் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிடித்த மண்ணே பிறகு உப்புக் காகிதம் மாதிரி தேய்க்கும் என்று சொல்லி, அதைப் பிய்த்துவிட்டு, பிறந்த குழந்தைக்குப் போடுகிற பிளானல் துணியை ஒட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை.

எல்லாம் சரி. இவ்வளவு காபந்து செய்த பெட்டியைக் கிராமத்து விசேஷங்களுக்கு மட்டும் இவர் எடுத்துப் போகமாட்டார். மண் ரோடு, வண்டி குலுங்கும், பந்தலில் ஆடு வந்து உரசும், பிள்ளைகள் ஏறி உட்காரும் என்று நூறு காரணம். கிராமங்களுக்கென்று ஒரு பழைய செட் வைத்திருந்தார். அந்தப் பழைய செட்டால்தான் என் நாத்தனாருக்குச் சங்கடம் வந்தது.

நாத்தனார் என்றால் இவருடைய ஒரே தங்கை. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற பெரிய குடும்பத்தில் கட்டிக் கொடுத்தோம். என் மாமனாரும் மாமியாரும் இல்லாததால் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அது எங்கள் வீடுதான். அவளுடைய வளைகாப்புக்கு இவர் அந்தப் பழைய செட்டைக் கொண்டுபோய்க் கட்டினார். பாட்டுக்குப் பின்னால் ங்ஙொய் என்று ஒரு இரைச்சல் கடைசிவரை நிற்கவில்லை. அண்ணன்காரன் கச்சேரியில் கொசு நன்றாகப் பாடுகிறது என்று பந்தியில் யாரோ சொல்லி, ஊரே சிரித்தது. சாயங்காலத்துக்குள் மூட்டை கட்டிக்கொண்டு, அடுத்த ஊரில் புரோகிராம் இருக்கிறது என்று இவர் கிளம்பியும்விட்டார்.

அவளுக்கு மகள் பிறந்து, காதுகுத்துக்கு நாள் குறித்ததும் போன் எனக்குத்தான் வந்தது. அண்ணனிடம் சொன்னால் சரி சரி என்பார், அதோடு மறந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். முதலில் ஜாக்கெட் அளவு பற்றிப் பேசினாள், பிறகு மழை பற்றி. அப்புறம் குரல் மாறியது.

"அண்ணி, எங்க ஓரகத்தியோட அண்ணனுங்க வாரம் தவறாம வந்து போறாங்க. எங்க அண்ணன் வந்தா, செருப்பு கழட்டுறதுக்குள்ள கிளம்பிடறாரு. எங்க மாமியார் ஒண்ணும் தப்பா சொல்லல. உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு கேக்கறாங்க, அவ்ளோதான். அந்தக் கேள்விதான் அண்ணி தாங்கல."

பிறந்த வீட்டு மனிதர்கள் வந்து போய்க்கொண்டிருந்தால்தான் புகுந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு நிமிர்ந்து நடக்க முடியும். இதை ஆண்களுக்கு விளக்கிச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சண்டை போடுவதுதான். போட்டேன். இந்தக் காதுகுத்துக்கு நல்ல ராக்தான் போக வேண்டும், தாய்மாமன் சீர் ஊர் மூக்கில் விரல் வைக்கிற மாதிரி இருக்க வேண்டும், சாப்பிட்டு இருந்து பேசிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றேன். ராக்கில் கீறல் விழுந்தால் என்றார். உங்கள் தங்கச்சி மனதில் விழுந்திருப்பது என்ன என்று கேட்டேன். ராக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, உறை ஒன்று தைத்துத் தருகிறாயா என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று புரிந்தது.

உறைக்கு அளவெடுத்தேன். என் டேப்பின் முனையில் பித்தளைத் தகடு இருக்கும். அதைப் பார்த்ததும் ஓடிவந்து அதன்மேல் பேண்டேஜ் ஒட்டினார். எத்தனையோ மணப்பெண்களுக்கு அளவெடுத்திருக்கிறேன். எந்த மாப்பிள்ளையும் இந்தப் பாடு படுத்தியதில்லை. தலைவழியாக மாட்டுகிற உறை என்றால் குமிழ்களில் மாட்டி இழுக்கும், அதனால் முன்பக்கம் திறக்கிற மாதிரி வெட்டினேன். ஜிப் வைக்கலாம் என்றார். ஜிப்பின் பல்தான் முதல் எதிரி என்று நான் சொல்ல, கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொக்கியும் வேண்டாம், பித்தானும் வேண்டாம் என்று முடிவாகி, கடைசியில் சின்னப் பிள்ளைகள் சொக்காய்க்கு வைப்பதுபோல் துணி நாடா வைத்து முடிச்சுப் போடுகிற மாதிரி தைத்தேன். உள்ளே பிளானல், நடுவில் ஸ்பாஞ்ச்.

வெளித்துணிக்கு அவர் கறுப்பு ரெக்சின் கேட்டார். வெயிலில் ரெக்சின் இளகி ஒட்டிக்கொள்ளும் என்று நான் மறுத்துவிட்டேன். என்னிடம் ஒரு கல்யாண வீட்டார் பாவாடைக்கு என்று எடுத்து, நிறம் பிடிக்காமல் விட்டுப்போன ஜரிகைத் துணி இருந்தது. குங்கும நிறத்தில் தங்கப் புட்டா போட்டது. நாத்தனார் வீட்டில் நாலு பேர் பார்க்கட்டுமே என்று அதில் தைத்து, அடியில் ஒரு குஞ்சமும் வைத்தேன். மாட்டிப் பார்த்தபோது பெட்டி மணமேடைக்குப் போகிற மாதிரி இருந்தது. இது கொஞ்சம் ஜாஸ்தி இல்லையா என்றார் இவர். நீங்கள் ஒட்டிய ஸ்க்ரீன் கார்டைவிடக் கம்மிதான் என்றேன்.

காதுகுத்து அன்று காலையில் ஒரு குட்டியானை வண்டியில் சீரையெல்லாம் ஏற்றினோம். குழந்தைக்குப் பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, தொட்டில், பித்தளைக் குடம், பழம், பலகாரத் தட்டுகள் எல்லாம் முன்னால். ஸ்பீக்கர்களைத் தனி வண்டியில் தபலாக்காரர் கொண்டுபோய்விட்டார். ராக்கை மட்டும் யாரிடமும் நம்பித் தர மனமில்லாமல் சீர் வண்டியிலேயே, ஒரு மெத்தையின் மேல் ஏற்றி, பக்கத்தில் இவரும் உட்கார்ந்துகொண்டார். வேட்டி சட்டையில், கையில் குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைக் கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கத்து வழக்கம் என்னவென்றால், தாய்மாமன் சீர் நேராக வீட்டுக்குப் போகாது. ஊர் எல்லையில் மாரியம்மன் கோயிலில் இறக்கி, அங்கிருந்து மேளத்தோடு ஊர்வலமாகப் போகும். தாய்மாமனுக்கு மாலை போட்டு, குடை பிடித்து, முன்னால் நடத்திக்கொண்டு போவார்கள். நாங்கள் போய் இறங்கியதும் அதேபோல் மாலை விழுந்தது, குடை விரிந்தது, மேளம் கிளம்பியது. இவரும் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பலகாரத் தட்டோடு பெண்கள் வரிசையில் நின்றேன். வண்டியில் இருக்கும் பெட்டி நேராகப் பந்தலுக்கு வரும் என்று நானும் இவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அதை டிரைவரிடம் நானும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

பாதித் தூரம் போயிருப்போம். பின்னால் ஏதோ ஆரவாரம் கேட்டுத் திரும்பினேன். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் நான்கு பேர் ராக்கைத் தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். சீர் வண்டியில் வந்தது சீர்தானே. அதிலும் தொட்டில், குடம் எல்லாவற்றையும்விட ஜரிகை உடுத்திக்கொண்டு குஞ்சம் ஆட்டிக்கொண்டு வருவது அதுதான். மேளக்காரர்களுக்கு அதைப் பார்த்ததும் உற்சாகம் வந்து அடி வேகமாகியது. வழியில் நின்ற பெண்கள் குங்குமம் தொட்டு அதன்மேல் வைத்தார்கள். ஒருத்தி ஆரத்தியே சுற்றினாள்.

இவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மாலையும் குடையுமாகப் போகிற தாய்மாமன் ஊர்வலத்தை விட்டு ஓடிவர முடியாது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டு, முன்னால் பார்க்காமலே நடந்தார். ஒரு மாட்டுச் சாணியில் கால் வைத்தார். அதையும் கவனிக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்து தட்டு ஆடியது.

பந்தலில் பாய் விரித்து, வந்த சீரையெல்லாம் பரப்பினார்கள். நடுநாயகமாக ராக். நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெட்டியின் உயரத்தைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் கண்ணில் இருந்த கேள்வி எனக்கும் புரிந்தது. சபையில் வைத்த சீரைத் திருப்பி எடுத்துப் போகிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. இது சீர் இல்லை, தவறி வந்துவிட்டது என்று நாங்கள் வாயைத் திறந்தால், காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள் என்ற பேச்சு அவள் அந்த வீட்டில் இருக்கும்வரை இருக்கும். வாயைத் திறக்காவிட்டால் எங்கள் பிழைப்பு பாயில் உட்கார்ந்திருக்கிறது.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வாஷிங் மிஷின் என்றார் ஒருவர். இல்லை, சின்ன ஃபிரிட்ஜ் என்றார் இன்னொருவர். குழந்தைக்குப் பணம் சேர்க்கிற லாக்கர் என்று ஓரகத்தி சொன்னாள். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியிருந்ததைப் பார்த்து எனக்கு உள்ளூர ஒரு திருப்தி வந்தது. பொய் சொல்லிப் பிரயோசனமில்லை, வந்தது.

இதற்குள் இவரை மனைப் பலகையில் உட்காரவைத்து, குழந்தையை மடியில் கொடுத்துவிட்டார்கள். காது குத்தி முடிகிறவரை தாய்மாமன் எழுந்திருக்கக்கூடாது. ஆசாரி தோட்டைச் சந்தனத்தில் தொட்டுத் தயார் செய்துகொண்டிருந்தார். நாத்தனாரின் மாமியார், வாட்டசாட்டமான மனுஷி, இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல், சந்தனக் கிண்ணத்தோடு சீரைப் பார்க்க வந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்து ராக்கின் முன்னால் நின்றார். நாடாவை அவிழ்த்தார். முன்பக்கம் நான் தைத்த மாதிரியே அழகாகத் திறந்தது. உள்ளே கறுப்பு முகப்பு பளபளவென்று இருந்தது. அவர் மூன்று விரலைச் சந்தனத்தில் நன்றாகத் தோய்த்து, கையை நீட்டினார்.

காய்ந்த சந்தனத்தைத் துடைத்தால் கீறும், குமிழுக்குள் போனால் வரவே வராது என்று இவர் எனக்கு எத்தனையோ ஆயுத பூஜையில் பாடம் நடத்தியிருக்கிறார். இத்தனை நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனிதரின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அத்தே, கைய மட்டும் கொஞ்சம் தொடச்சிக்குங்க."

பந்தலில் மேளம் நின்றது. மாமியார் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு இவரைப் பார்த்தார். பிறகு குமிழ்களைப் பார்த்தார். வளைகாப்புக்கு மைக் கட்டியவர் இவர்தான் என்பது அவருக்கு மறந்திருக்காது.

"இது உன் தொழில் பெட்டி இல்ல தம்பி?"

இவர் ஆமாம் என்று தலையாட்டினார். பின்னாலிருந்து ஒரு பெரியவர், சபையில் வைத்துவிட்டுத் திருப்பி எடுப்பார்களா என்று சத்தமாகவே கேட்டார். ஓரகத்தி சிரிப்பை முந்தானையில் மறைத்தாள். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு, குழந்தையின் பாவாடை மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி நின்றாள். மடிப்பு ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. இவர் தங்கையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தடுக்க வேண்டும் என்றும் தோன்றியது, தடுக்கக்கூடாது என்றும் தோன்றியது.

"வச்சது வச்சதுதாங்க. இங்கயே இருக்கட்டும்" என்றார்.

எந்த மனிதர் என் டேப்புக்குப் பேண்டேஜ் ஒட்டினாரோ அந்த மனிதர் சொல்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபமும் அவ்வளவு ஆசையும் ஒரே சமயத்தில் வந்ததில்லை.

மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. பிறகு அந்தப் பெரியவரைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் ஊருக்கே கேட்டது.

"சீரு திரும்பிப் போகாது. இங்கதான் இருக்கும், நான் பாத்துக்கறேன். தம்பிக்கு வேலை இருக்கறப்ப வந்து எடுத்துனு போகட்டும், முடிஞ்சதும் இங்கயே கொண்டாந்து வைக்கட்டும். தாய்மாமன் வீட்டுக்கு வந்து போறதுக்கு இதவிட இன்னா வேணும்?"

பெரியவர் தலையை ஆட்டிவிட்டு மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். நாத்தனார் நிமிர்ந்தாள். அவள் முகம் இருந்த இருப்பை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அழுதாள், அவ்வளவுதான். நானும் அழுதேன். மேளச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

ஆசாரி குத்தியதும் குழந்தை வீறிட்டது. முதல் காதுக்கே ஊரைக் கூட்டியது, இரண்டாவது காதுக்குக் கேட்கவே வேண்டாம். முறை முடிந்து எழுந்த இவர் முதல் காரியமாக மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பாயில் இருந்த இடத்திலேயே ராக்குக்கு வயரைக் கொடுத்தார். தபலாக்காரர் ஸ்பீக்கர்களை ஏற்கெனவே தயாராக வைத்திருந்தார். இரைச்சலே இல்லை. மைக்கைச் சோதிக்க எடுத்தவர், பக்கத்தில் அழுதுகொண்டிருந்த மருமகள் வாயருகே பிடித்தார். எக்கோவோடு அந்த அழுகை பந்தல், தெரு, கடலைக் கொல்லை எல்லாம் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. குழந்தை திடுக்கிட்டு நிறுத்தியது. யார் அது என்று சுற்றிப் பார்த்தது. மெதுவாக ஒரு முறை, ங்கா, என்றது. ஊரெல்லாம் ங்கா என்றது. கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய அது சிரித்தது. அதற்குப் பிறகு மைக்கை அதனிடமிருந்து வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு கச்சேரி. பாடத் தெரிந்தவர்கள் பாடினார்கள், தெரியாதவர்களும் பாடினார்கள். அந்தப் பெரியவர் மூன்று பாட்டுப் பாடினார், நிறுத்தச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. மாமியார் ராக்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பந்தியிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் கையைக் கழுவிவிட்டு வரும்படி விரட்டினார். ஆசாரியையும் விடவில்லை. அன்று நாங்கள் கிளம்பும்போது சூரியன் மலைப் பக்கம் இறங்கிவிட்டது. இவர் கிளம்ப வேண்டும் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. பெட்டியை விட்டுப் போக மனசில்லாமல்தான் என்று நான் கிண்டல் செய்தேன். இருக்கலாம், ஆனால் மூன்று முறை காபி குடித்தது தங்கை கையால்தான்.

பிறகு தொடங்கியது போக்குவரத்து. ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் போய் எடுக்க வேண்டும், முடிந்து கொண்டுபோய் வைக்க வேண்டும். எடுக்கப் போனால் சாப்பாடு, வைக்கப் போனால் சாப்பாடு. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலைக்குள் வண்டி விடமாட்டார்கள் என்று முதல் நாளே போய்விடுவார். முதல் மாதம் அலுத்துக்கொண்டார். அடுத்த மாதம் அவருடைய பழைய சட்டைகளை நான் பிரித்து அகலம் விட்டுத் தைக்க வேண்டியிருந்தது. வரும்போது கடலை, அவரைக்காய், ஒரு தடவை பூசணிக்காய். மருமகள் இவரைக் கண்டாலே வாயைத் திறந்து ங்கா என்கிறாள் என்று வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவார்.

பெட்டியின் யோகத்தைச் சொல்லி முடியாது. பீரோ இருக்கிற அறையில், சாமி படத்துக்குக் கீழே அதற்கு இடம். கோழி அந்த வாசலைத் தாண்டக்கூடாது. அடியில் முதலில் சாக்கு விரித்திருந்தார்களாம். இவர் தயங்கித் தயங்கி, சாக்கு சொரசொரப்பாக இருக்கும் அத்தே என்றதும், மாமியார் தன்னுடைய நல்ல நூல் சேலை ஒன்றை நான்காக மடித்துப் போட்டார். ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை உறைமேல் மட்டும் வைத்தார். முகப்பில் வைக்க வந்த தன் பெரிய மகனுக்கு, காய்ந்தால் கீறும் என்று அவரே பாடம் நடத்தினாராம்.

ஒரு நாள் நாத்தனார் போனில் கிசுகிசுத்தாள். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கீறல், அத்தையின் வளையல் பட்டிருக்கிறது, அத்தை காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றாள். அன்று நானும் கூடவே போனேன். மாமியார் கதவோரம் நின்றார், அந்த வாட்டசாட்டமான மனுஷி, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி. இவர் குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். ராக்கில் இருக்கிற ஒவ்வொரு கீறலும் என்று விழுந்தது, யாரால் விழுந்தது என்பது எனக்கு மனப்பாடம். அது புதுசு. நீளமாக, ஆழமாக, பளிச்சென்று இருந்தது.

"இது பழசு அத்தே. நான் வாங்கறப்பவே இருந்துது" என்றார் இவர்.

மாமியார் பெருமூச்சு விட்டார். உடனே பசி வந்து எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

அறுவடை முடிந்த சமயம். களத்தில் கடலை பிரிக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வீடு, மரம், மாடு எல்லாவற்றின்மேலும் செம்மண் புழுதி படிந்திருந்தது, சோற்றில்கூட நறநறவென்று கடித்தது. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது மாமியார் சொன்னார். நாள் நிறைய ஆகிவிட்டது, இனி சீரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், தம்பிக்கும் ஒவ்வொரு தடவையும் இவ்வளவு தூரம் அலைச்சல், இங்கே புழுதி வேறு, பெட்டியை எடுத்துப் போய்த் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நாத்தனார் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தவள், அடுக்களை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது.

இவர் விரலில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"இங்கயே இருக்கட்டுங்க அத்தே. எங்க வீட்ல தூசு ஜாஸ்தி."

என் வீட்டில். காலையிலும் மாலையிலும் பெருக்கி, துடைத்து, ஒரு நூல் துண்டு தரையில் கிடந்தால் எனக்கே பொறுக்காத என் வீட்டில். நான் வாயைத் திறந்தேன். நாத்தனார் திரும்பி, கையில் பாத்திரத்தோடு அண்ணனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மாமியாரும் நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தார்.

"ஆமாங்கத்தே" என்றேன். "கூட்டிக் கூட்டிக் கை ஓஞ்சிடுச்சு."